சாவிக்கொத்தார் சொல்லாமல் போன பதில்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் கொழுந்தனாரின் மகளே, மறைந்த அந்தக் கொழுந்தனாரைச் சாவிக்கொத்தார் என்று அறிந்தவர்களே, அவரிடம் ஒரு லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு இன்னும் திரும்பப் பெறாதவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

கடைசியாகச் சொன்னவர்களைக் கை தூக்கச் சொல்லமாட்டேன். பயப்படவேண்டாம். உங்கள் பொருள்களெல்லாம் என் வீட்டு முன்னறையில் பத்திரமாக இருக்கின்றன. நான் உட்காரத்தான் அங்கே இடமில்லை.

இரங்கல் தீர்மானத்தை வழிமொழிய என்னை அழைத்திருக்கிறார்கள். நகலைத் தலைவர் முன்கூட்டியே அனுப்பிவைத்தார். அதில் இரண்டு பத்திகள். முதல் பத்தியில் மறைந்தவரின் பொறுமைக்குப் புகழும் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கலும். இரண்டாம் பத்தியில், பழுதுபார்க்கும் பணி அவரோடு நிறைவடைவதால் மீதமிருக்கும் பழைய லேப்டாப்புகளைப் பழைய இரும்புக்கடைக்குக் கொடுத்துவிடுவது என்ற முடிவு. ஆளுக்கும் இரங்கல், அவர் வேலைக்கும் அடக்கம்! இரண்டும் ஒரே காகிதத்தில்! வழிமொழிகிறேனா இல்லையா என்பதைப் பேசி முடித்துவிட்டுச் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மறைந்தவரை நிறையவே புகழ்ந்தார்கள். ஒருவர் 'கணினி மேதை' என்றார். அவர் தொலைபேசி நிலையத்தில் கம்பி இழுத்து, இணைப்புப் பலகைக்குப் பின்னால் தலையை நுழைத்து, முழங்கை தேய்ந்து ஓய்வு பெற்றவர். மேதை என்று யாராவது கூப்பிட்டிருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். இன்னொருவர் 'பொறுமையின் சிகரம்' என்றார். பொறுமையா? சாவிக்கொத்தாருக்கா? அடுத்த அறையிலிருந்து தினமும் கேட்டவள் நான்! "ஏ மூதேவி, காலைலேர்ந்து உன்கிட்ட கெஞ்சிக்கிட்டிருக்கேன். என்னதான் வேணும் உனக்கு, வாயத் திறந்து சொல்லித் தொலையேன்!" யாரைத் திட்டுகிறார் என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தால், எதிரே மூடி கழன்ற ஒரு லேப்டாப் இருக்கும்.

பொறுமை இல்லை. பிடிவாதம் இருந்தது. இரண்டும் வேறு வேறு. இரங்கல் கூட்டம் என்பதற்காக ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கக்கூடாது.

அவருக்குச் சாவிக்கொத்தார் என்ற பெயர் எப்படி வந்தது? மாடிப்படியில் ஏறி இறங்கும்போது கலகலவென்று சத்தம் வரும். இடுப்பில் ஒரு பெரிய வளையம், அது நிறையப் பென்டிரைவ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லினக்ஸ். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே பொதுவாக விட்டுவைத்திருக்கும் சிஸ்டம் அது. மிகப் பழைய லேப்டாப்புக்கு ஒரு பென்டிரைவ், கொஞ்சம் பழையதற்கு ஒன்று, எதற்கும் மசியாததற்கு ஒன்று. எது எதற்கு என்று எதிலாவது எழுதி ஒட்டியிருந்தாரா? இல்லை! "எழுதி ஒட்டுங்க தம்பி" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "தொட்டாலே தெரியும் அண்ணி" என்பார். அவருக்குத் தெரியும். எங்களுக்கு?

இந்த வேலை என் வீட்டில்தான் தொடங்கியது. என் கணவர் போன பிறகு அவருடைய லேப்டாப் நின்றுபோனது. கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "இது செத்துப்போச்சும்மா. இதுக்கு இப்ப எந்த சிஸ்டமும் வராது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார். விசிறி சுற்றுகிறது, திரை எரிகிறது, விசை அமுங்குகிறது. பின் எது செத்தது? பரிசோதிக்காமலே இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் மருத்துவரை நான் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மாடியிலிருந்த கொழுந்தனாரிடம் சொன்னேன். "குடுங்க அண்ணி, ரெண்டு நாள்ல பார்த்துடலாம்" என்று என் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். அவருடைய 'ரெண்டு நாள்' என்றால் என்ன என்று இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும். சிரிக்கிறீர்கள். நான் அப்போது சிரிக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். சிஸ்டம் ஏறிவிட்டது. ஆனால் அதற்கு மேல் எதையும் இறக்க முடியவில்லை. எந்த இணையதளத்தைக் கேட்டாலும், அதன் பாதுகாப்புச் சான்று செல்லாது, சான்று செல்லாது என்று ஒரே பல்லவி. இணைப்பை மாற்றினார், கம்பியை மாற்றினார், மறுபடி முதலிலிருந்து ஏற்றினார். தேநீர் கொண்டுபோன நான் திரையின் மூலையைப் பார்த்தேன்.

"தம்பி, இதுல தேதி தப்பா இருக்கே. எனக்குக் கல்யாண வயசுல ஒரு பேரன் இருக்கான். அவன் பொறக்கறதுக்கு முந்தின வருஷம்ல காட்டுது?"

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டாம். கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோயிருந்தது. அன்றைய சான்றுகளெல்லாம் இனிமேல்தான் பிறக்கப்போகின்றன என்று அந்த மெஷின் நம்பிக்கொண்டிருந்தது. "நீங்க பார்க்காத இடமே கிடையாதா அண்ணி?" என்றார். நான் படித்த கான்வென்ட்டில் எங்களுக்குத் தாளின் மேல்மூலையில் தேதி எழுதாமல் ஒரு வரி எழுத அனுமதி கிடையாது. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. பார்க்கவேண்டிய இடத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து முன்னறை போனது. என் டம்ளர்களில் திருகாணி. என் பிஸ்கட் டப்பாவில் ஹார்ட் டிஸ்க். தலை உலர்த்தும் கருவியைத் தேடினால், தண்ணீர் கொட்டிய விசைப்பலகைக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி, சூடு கம்மியா வச்சா போதும்." என் தலைமுடியும் விசைப்பலகையும் ஒன்று!

யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது அவருக்கு. எல்லாருக்கும் 'ஆகட்டும்.' முனைக்கடைத் தையல்காரர் பின்வரிசையில் நிற்கிறார். அவருடைய லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்ததும் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஐயா, இது பழைய மாதிரி இல்லையே?"

"பழைய மாதிரி இருந்துதானேய்யா செத்துச்சு?"

"அதில்ல, அந்தப் பச்சைப் புல்லு படம் எங்க?"

"புல்லு வேணும்னா மாடு வாங்கிக்க. உனக்குக் கணக்குப் போடணுமா, புல்லு மேயணுமா?"

அப்படித் திட்டியவர், மறுநாள் தையல்காரர் கடைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்து, ஒரு புல்வெளிப் படத்தைத் தேடி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். இதை எனக்கு அவர் சொல்லவில்லை. தையல்காரர் சொன்னார். இதைத்தான் தொண்டு என்று முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள் என்றால், சரி, அதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தலைவர் அவர்களே, நீங்கள் உங்கள் உரையில் மிக நாகரிகமாகத் தாண்டிச் சென்ற இடம் அது. நான் தாண்டப்போவதில்லை.

நம் பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகள் இந்த ஆண்டு தேர்வைக் கணினியில்தான் எழுதவேண்டும். வீட்டில் கணினி இருக்கும் பிள்ளைகள் பழகிக்கொள்கிறார்கள். இல்லாத பிள்ளைகள்? விசைப்பலகையைத் தேர்வு அறையில்தான் முதன்முதலாகத் தொடவேண்டுமா? தலைமையாசிரியை நம்மிடம் வந்தார். ஒரு காப்பீட்டு அலுவலகம் கழித்துக்கட்டிய லேப்டாப்புகளை, எல்லாம் ஒரே வகை, மூட்டையாக நமக்குக் கொடுத்தது. சாவிக்கொத்தார் வழக்கம்போல 'ஆகட்டும்' என்றார். மேசை மேல், கட்டில் மேல், என் தையல் இயந்திரத்தின் மேல் எல்லாம் பரப்பி, ஒவ்வொன்றிலும் லினக்ஸ் ஏற்றினார். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்தார். எல்லாம் ஓடின. வண்டி வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் வரிசையாக அடுக்கினார். தலைவரும் செயலாளரும் உடன் போனார்கள், புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். சாவிக்கொத்தார் எல்லாவற்றிலுமிருந்தும் தன் பென்டிரைவ்களைப் பிடுங்கி வளையத்தில் கோத்துக்கொண்டார். தலைமையாசிரியை பிள்ளைகளை உட்காரவைத்து, "ம், போடுங்க" என்றார்.

ஒன்றுகூட ஓடவில்லை! வரிசை முழுவதும் கறுப்புத் திரை. துவக்க எதுவும் கிடைக்கவில்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி.

"சார், காலைல ஓடுச்சுன்னு சொன்னீங்களே?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"காலைல என் கொத்து உள்ள இருந்துச்சு மேடம்."

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பென்டிரைவிலிருந்தே இந்த சிஸ்டத்தை ஓட்டலாம். அப்படி ஓடுவதும் லேப்டாப்பிலேயே ஏற்றி ஓடுவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மனிதர் பென்டிரைவைச் செருகியபடியே சோதித்திருக்கிறார்! ஓடியதெல்லாம் அவருடைய பென்டிரைவ். லேப்டாப்புகள் ஒருமுறைகூடச் சொந்தக்காலில் நிற்கவில்லை. இத்தனை வருடம் இதே வேலை செய்தவருக்கு இப்படி ஒரு தவறு வருமா? இத்தனை வருடம் செய்தவருக்குத்தான் வரும். புதிதாகச் செய்கிறவன் பயந்துபோய் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்திருப்பான்.

அன்று என்ன பேச்சு கேட்டார் என்பதை இங்கே சிலர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. 'பழைய சாமானைக் கொண்டுவந்து சங்கத்தின் மானத்தை வாங்கிவிட்டார்' என்றீர்கள். 'இனிமேல் இது வேண்டாம்' என்றீர்கள். இன்று அதே வாய்கள்தான் 'ஈடு இணையற்ற சேவை' என்கின்றன. ஈடு இணையற்ற சேவையை ஏன் எடைக்குப் போடுகிறீர்கள்?

எல்லாம் மறுபடி என் முன்னறைக்கு வந்தன. அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவார், போவார். ஏற்றுவார், பென்டிரைவை எடுப்பார், போடுவார், கறுப்பு. ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவார், கறுப்பு. வேறு லினக்ஸ் ஏற்றுவார், கறுப்பு. சிஸ்டம் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் அந்த மெஷின் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரம். காதில் திருப்புளியைச் செருகிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, புடிச்சுட்டேன்!"

"என்ன தம்பி? எது?"

"ச்சே, இவ்ளோ சின்ன விஷயம். கேட்டா சிரிப்பீங்க."

"சிரிக்கிறேன், சொல்லுங்க."

"சாப்ட்டுட்டு சொல்றேன். இப்ப சொன்னா பேனாவ எடுத்துட்டு வந்து நிப்பீங்க, சோறு ஆறிடும்."

சாப்பிட்டார். இரண்டாம் தடவை ரசம் கேட்டார். கொஞ்சம் படுத்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனார்.

சொல்லவில்லை.

இதைவிட எரிச்சலூட்டும் காரியத்தை ஒரு மனிதர் செய்யமுடியுமா? சொல்லுங்கள்! எழுதமாட்டார், சொல்லமாட்டார், ஆனால் போகும்போது 'புடிச்சுட்டேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்! துக்கத்துக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு வந்தது கோபம். மாடிக்குப் போய் உலுக்கி எழுப்பி, 'சொல்லிவிட்டுப் போங்கள்' என்று கேட்கவேண்டும்போல இருந்தது. இப்போதும் இருக்கிறது.

தலைவர் துக்கம் விசாரிக்க வந்தார். வந்தவர் முன்னறையை நோட்டம் விட்டார். "அம்மா, இதையெல்லாம் எடுத்துட்டா உங்களுக்கும் ரூம் காலியாயிடும். இரும்புக்கடையில பேசிட்டேன்" என்றார். என் நன்மைக்காகத்தான் சொன்னார். பதினாறு வயதுப் பிள்ளை பரீட்சை அறையில் விசையைத் தேடித் தேடித் தட்டுவதைவிட என் முன்னறை காலியாவது பெரிய நன்மை என்று அவருக்கு யார் சொன்னது?

தலைவர் போன பிறகு என் மகளும் நானும், கொழுந்தனாரின் மகள் எனக்கு மகள்தான், அந்த அறையில் உட்கார்ந்தோம். அவள் தணிக்கை அலுவலகத்தில் இருப்பவள். மேசையை ஒழிக்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள், சும்மா ஒன்றின் பொத்தானை அமுக்கினாள். திரை எரிந்தது. சிஸ்டம் வந்தது.

"பெரியம்மா, இதுல பென்டிரைவ் இருக்கா பாருங்க."

"இல்ல."

"நல்லா பாருங்க."

"நாலு பக்கமும் பார்த்துட்டேன். இல்லவே இல்ல. கொத்து அதோ ஆணில தொங்குது."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றை முடித்திருக்கிறார்! ஒன்றே ஒன்றை!

"பெரியம்மா, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியும்ல? உட்காரு."

ஓடுகிற மெஷின் அவள் முன்னால். ஓடாத ஒன்றைப் பென்டிரைவ் போட்டுத் திறந்து என் முன்னால் வைத்தோம். தொடக்கத்துக்கென்று ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சின்னப் பகுதி உண்டு என்று அவர் திட்டும்போது கேட்டிருக்கிறேன். அதைத் திறந்து, அவள் ஒரு வரி படிப்பாள், இருக்கிறது என்று நான் சொல்வேன். அடுத்த வரி. இருக்கிறது. அடுத்தது. இருக்கிறது. அதற்கடுத்தது.

"எங்கிட்ட அது இல்லையே."

அவளுடைய மெஷினில் ஒரு ஃபோல்டர் கூடுதலாக இருந்தது. அதன் பெயர், அந்த லேப்டாப்பில் முன்பிருந்த பழைய சிஸ்டத்தின் பெயர். உள்ளே இருந்ததோ நம்முடைய லினக்ஸைத் துவக்கும் கோப்பு!

புரிகிறதா? அந்த மெஷினைச் செய்தவர்கள் அதன் தலையில் ஒரே ஒரு பெயரை எழுதிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரில் வந்தால்தான் கதவைத் திறக்கும். வேறு பெயரில் எவ்வளவு நல்ல ஆள் வந்து நின்றாலும் 'யாரும் வரவில்லை' என்று எழுதிவிடும். மேலாளர் மாறியது தெரியாமல், பழைய மேலாளர் பெயரைச் சொன்னால்தான் உள்ளே விடும் காவலாளி மாதிரி! சாவிக்கொத்தார் காவலாளியோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, புதியவரைப் பழைய பெயரில் உள்ளே அனுப்பியிருக்கிறார்.

இவ்வளவுதானா! தம்பி, இவ்வளவுதானா? இதைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கலாமே! சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லியிருக்கலாமே!

நாங்கள் அதே மாதிரி அடுத்ததில் செய்தோம். பொத்தானை அமுக்கினாள். வந்தது! எழுந்து நின்று கைதட்டினாள். நான், "பென்டிரைவ எடுடி" என்றேன். அவள் முகம் மாறியது. எடுத்தாள், போட்டாள். கறுப்பு. கோப்பை லேப்டாப்பில் வைக்காமல் பென்டிரைவிலேயே வைத்திருக்கிறாள்! அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண்! அவள் சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு அது சிரிப்பாக இல்லை. நான் தண்ணீர் கொடுத்தேன். முகம் கழுவிவிட்டு வந்து சரியான இடத்தில் வைத்தாள். பென்டிரைவை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். பொத்தானை நானே அமுக்கினேன்.

ஓடியது.

அதற்கப்புறம் அடுத்தது. அதுவும் ஓடியது. அதற்கடுத்தது. இன்று இந்தக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது என் வீட்டுக் கட்டில் மேல் இருப்பவை முடிந்தவை, மேசை மேல் இருப்பவை பாக்கி. கட்டில்தான் நிறைந்திருக்கிறது.

சபையோரே! ஒரு மனிதரை நாம் எப்படி நினைவில் வைப்பது? அவர் படத்தை மாட்டியா? அவரிடம் இல்லாத குணங்களை அவர் தலையில் ஏற்றியா? அவர் பிடிவாதக்காரர். வாயாடி. ஒன்றையும் எழுதிவைக்காதவர். என் டம்ளர்களைப் பாழாக்கியவர். 'செத்துப்போச்சு' என்று மற்றவர்கள் சொன்னதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவர். அவரைப் போற்றுகிற தீர்மானத்திலேயே 'செத்துப்போச்சு' என்று எழுதி என்னிடம் நீட்டினால் நான் கையெழுத்துப் போடுவேனா?

ஆகவே தலைவர் அவர்களே, முதல் பத்தியை நான் வழிமொழிகிறேன். அதில் 'பொறுமை' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். இரண்டாம் பத்தியை நான் வழிமொழியவில்லை. அதை நீக்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவருகிறேன். அதற்குப் பதிலாக இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: 'பணி நடக்கும்.' அவ்வளவு போதும். எங்கே நடக்கும் என்றால், என் முன்னறையில். யார் செய்வார்கள் என்றால், நான் செய்வேன். என் மகள் விடுப்பை நீட்டியிருக்கிறாள். தையல்காரர் திருகாணி கழற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செய்முறையை ஒவ்வொரு படியாகச் சுத்தமான கையெழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம், செய்யலாம், தப்பு இருந்தால் திருத்தலாம். இங்கே கண்ணீர் விட்டவர்கள் நாளைக் காலையில் வரவேண்டும். அழுவதற்கு வேண்டாம். கையில் ஒரு திருப்புளியோடு வாருங்கள்.

திருத்தத்தை எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்.

செயலாளர் அவர்களே, அது கையா, கடிகாரம் பார்க்கிறீர்களா? நல்லது. கீழே போடுங்கள். நிறைவேறியது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியை அவர்களே, பிள்ளைகள் முன்னால் ஒருமுறை எங்கள் வீட்டு மனிதர் தலைகுனிந்தார். அந்தப் பிள்ளைகளிடம் மறுபடி வரிசையாக உட்காரச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வண்டியை அனுப்புங்கள். மெஷின்களோடு நானும் வருகிறேன். கையில் ஒரு பென்டிரைவ்கூட இருக்காது. கையை வீசிக்கொண்டுதான் வருவேன்.